பொறி தட்டவில்லை

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

தமிழில் ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. தீயிலிருந்து தெறிப்பது பொறி. இயந்திரமும் பொறிதான். கண், காது, மூக்கு முதலிய ஐந்தும் பொறிகள். எலிக்கு வைப்பதும் பொறி. இவை போதாவென்று, புரியாதிருந்த ஒன்று திடீரென விளங்கிவிட்டால் ‘பொறி தட்டியது’ என்றும் சொல்லுகிறோம். தமிழ்த்துறை ஐயாமார் பொறுத்தருள வேண்டும். சொல்லாராய்ச்சி செய்ய நான் வரவில்லை. சென்ற கார்த்திகை மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் இந்தச் சொல்லின் எல்லாப் பொருள்களும் ஒரே வண்டிக்குள் புகுந்துகொண்டு எங்களைப் படாதபாடு படுத்திவிட்டன. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

வண்டி என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். டி.வி.எஸ். எக்ஸெல் சூப்பர், 2011-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது, எங்களிடம் வரும்போதே ஒருவர் ஓட்டிக் களைத்தது. மேலைநாட்டு உழவர்கள் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்று கொழுத்த டயர் பூட்டிய நான்கு சக்கர வண்டி வைத்திருக்கிறார்களாம். எந்த நிலத்திலும் போகுமாம். நம் பக்கத்தில் அந்த வேலை முழுவதையும் எக்ஸெல் பார்த்துவிடுகிறது. வைக்கோல் கட்டு, உர மூட்டை, மீன் கூடை, பலாப்பழம், குடும்பத்தோடு கோயில் பயணம் என்று அது சுமக்காதது என்ன இருக்கிறது? இதன் மூத்த அண்ணனான டி.வி.எஸ். 50, 1980-இல் ஓசூரில் பிறந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய மொபெட் இந்தியாவில் அதுதான் முதலாவது. எங்களுடையது 70 சி.சி.க்குச் சற்றுக் குறைவான டூ ஸ்ட்ரோக் எஞ்சின். 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸெல் 100 வந்த பிறகு எங்கள் வண்டியின் இனம் மெல்ல மெல்ல அருகிவருகிறது. ஆனால் நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடியற்காலை 4 மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் அந்தப் பழைய ‘டுர்ர்’ ஒலி இன்னும் கேட்கும். அவற்றுள் ஒன்று என் தந்தையார்.

எங்கள் ஊர் வடலூருக்கும் நெய்வேலிக்கும் இடையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. அப்பா பால்காரர். எங்களுக்கு இரண்டு மாடுகள்; அக்கம்பக்கத்தில் கறக்கும் பாலையும் சேர்த்து 2 கேன்களில் 40 லிட்டர். மூன்றரை மணிக்குக் கறவை, நாலேகாலுக்குப் புறப்பாடு. ஆர்ச் கேட்டைத் தாண்டி நகரியத்துக்குள் நுழைந்து, வட்டம் வட்டமாக வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வர எட்டு மணி ஆகும். மொத்தம் 9 கிலோமீட்டர் போக, 9 கிலோமீட்டர் வர. நகரியத்துக்குள் சுற்றுவது தனி.

நெய்வேலி நகரியம் மற்ற ஊர்களைப் போல் நிதானமாக எழுந்திருக்கும் ஊர் அன்று. சுரங்கத்துக்கும் அனல் மின்நிலையத்துக்கும் இரவு பகல் கிடையாது. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர் வீட்டில் விடியுமுன் காப்பி கலந்தாக வேண்டும். பால்காரர் ஒருநாள் தாமதித்தால் முகம் சுளிப்பார்கள். இரண்டு நாள் தாமதித்தால் கடையில் பாக்கெட் வாங்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் “நாளையிலிருந்து வேண்டாம், அண்ணாச்சி” என்று தன்மையாகச் சொல்லிவிடுவார்கள். அவர்கள்மேல் குறையில்லை. பாக்கெட் பால் வழியில் நின்றுபோவதில்லையே.

கார்த்திகை முதல் வாரத்தில் வண்டி நிற்கத் தொடங்கியது. வீட்டில் முதல் உதையிலேயே எடுத்துக்கொள்ளும். ஆறு ஏழு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். பிறகு ஓர் இருமல், இரண்டு இருமல், அவ்வளவுதான். எத்தனை உதைத்தாலும் மூச்சு வராது. அப்பா இருட்டில் 40 லிட்டர் பாலோடு நெடுஞ்சாலையோரம் நிற்பார். என்னுடைய கைப்பேசிக்கு அழைப்பு வரும். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன். நான் போய்ச் சேரும்போது சில நாள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், சில நாள் தள்ளிக்கொண்டிருப்பார். இரண்டு வாரத்தில் 7 வீடுகள் போயின.

மெக்கானிக் அண்ணன் எங்களுக்குப் பழக்கமானவர், கைத்திறமையும் நாணயமும் உள்ளவர். அவர் முதலில் செய்த சோதனை சரியானதே. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். நனைந்து, பெட்ரோல் நெடி அடித்தது. பெட்ரோல் உள்ளே வருகிறது, எரியத்தான் இல்லை என்று அதற்குப் பொருள். இந்தச் சோதனை முக்கியமானது. ஏனென்றால், பெட்ரோல் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டாலும் வண்டி இப்படியே சிறிது தூரம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து எடுத்துக்கொள்ளும். ஆனால் அப்போது பிளக் காய்ந்திருக்கும். பிறகு பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உடம்பைச் சிலிண்டர் மேல் படும்படி வைத்து, பிளக் துளையிலிருந்து எட்டவே பிடித்துக்கொண்டு உதைத்தார். (துளைக்கு அருகில் வைத்தால் வெளியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும், செய்து பார்க்க விரும்புவோர் கவனிக்க.) நீலப் பொறி வரவில்லை. “கரண்ட் வரல, அண்ணே” என்றார்.

அந்தக் ‘கரண்ட்’ எங்கிருந்து வரவேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இயற்பியல் படிக்காத நண்பர்களும் அஞ்ச வேண்டா. இவ்வகை வண்டியில் பொறி உண்டாக பேட்டரி வேண்டியதில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் சுழலும் கனத்த சக்கரத்தின் உட்புறம் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதற்குள்ளே அசையாத தட்டு ஒன்றில் செம்புக் கம்பிச் சுருள்கள். காந்தம் சுற்றச் சுற்றச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே விதிதான். (ஃபாரடே ஒரு கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பார்த்தவர், கணிதம் அவருக்கு வராது. எங்கள் வகுப்பில் சிலருக்கு இந்தச் செய்தி பெரிய ஆறுதல்.) நெய்வேலியில் 1962-இல் சோவியத் ஒத்துழைப்போடு ஓடத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்ற முதல் அனல் மின்நிலையமும் இந்த விதியின்படிதான் மின்சாரம் தந்தது. அங்கே பழுப்பு நிலக்கரியின் நெருப்பு நீராவியாகிச் சுழற்றியது. இங்கே என் தந்தையாரின் வலது கால் சுழற்றுகிறது. வேறுபாடு அவ்வளவே.

சுருள்களில் ஒன்று சில நூறு ஓம் மின்தடை உடையது; மயிரிழை போன்ற கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. சி.டி.ஐ. என்னும் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கியில் ஏறத்தாழ 200, 300 வோல்ட் அழுத்தத்தை இது ஏற்றிவைக்கிறது. சக்கரம் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது வேறொரு சிறு சுருள் ‘இப்போது’ என்று ஒரு துடிப்பைக் கொடுக்கும். உடனே பெட்டிக்குள் கதவு திறந்து, தேங்கிய மின்சாரம் முழுவதும் எச்.டி. காயிலுக்குள் பாயும். அது அந்த அழுத்தத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பெருக்கிப் பிளக்குக்கு அனுப்பும். பிளக்கின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் இன்னும் பல மடங்கு. டூ ஸ்ட்ரோக் ஆகையால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் வினாடிக்கு 67 பொறிகள். இத்தனையும் சேர்ந்துதான் நம் வீட்டுக் காப்பிக்குப் பால் வருகிறது.

மெக்கானிக் அண்ணன் பிளக்கை மாற்றினார். வண்டி கிளம்பியது. மறுநாள் நின்றது. தொப்பியையும் எச்.டி. காயிலையும் மாற்றினார். கிளம்பியது. மறுநாள் மழை, நிற்கவில்லை. அதற்கு மறுநாள் நின்றது. “மழைத் தண்ணி எறங்குது, அண்ணே” என்று ஒயர்களையெல்லாம் துடைத்து டேப் சுற்றினார். மூன்றாவதாக சி.டி.ஐ. பெட்டியையே மாற்றினார். அன்றிரவு வண்டி அவர் கடையிலேயே இருந்தது. காலையில் எடுத்தபோது குதிரையைப் போல் பாய்ந்தது. ஆர்ச் கேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் படுத்துவிட்டது. இவ்வளவுக்குமாக 1,150 ரூபாய் செலவு. அவர் கூலியில் பாதியைத் தானே வேண்டா என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை அப்பா திண்ணையில் உட்கார்ந்து, செவலையைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை தரகர வரச் சொல்லியிருக்கேன்.”

செவலை எங்கள் இரண்டு மாடுகளில் நல்லது, சினையாக இருந்தது. விற்றால் 38,000 ரூபாய் கிடைக்கும், அதை முன்பணமாகக் கட்டிப் புதுவண்டி எடுத்துவிடலாம் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை, ஆனால் மாடு போய்விட்டால் புதுவண்டியில் எதை ஏற்றுவது? பாதிப் பாலுக்குத் தவணை முழுதாகக் கட்ட வேண்டும். அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் விளக்கேற்றினார். என் தங்கை பதினொன்றாம் வகுப்பு. அவள் என்னைப் பார்த்த பார்வையில், ‘இயற்பியல் படிக்கிறாயே, இதற்கு ஒன்றும் வழியில்லையா?’ என்ற கேள்வி இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதற்கு முன் அப்பா என்னிடம் வண்டியைப் பற்றி ஒருநாளும் யோசனை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் படிப்பது வேறு, வண்டி வேறு என்று இருவரும் பேசாமலே ஒப்புக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டி ஒன்று தொங்கும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எழுதப் படிக்க அதிகம் வராது. ஆனால் கிழித்த தாள்களை எறிய மாட்டார். ஒவ்வொரு தாளின் பின்புறமும் பென்சிலால் கோடு, சுழி, பெருக்கல் குறி எல்லாம் போட்டு ஓர் ஆணியில் குத்திவைப்பார். அதுதான் எங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகம். கோடு என்றால் ஊற்றிய பால், சுழி என்றால் திரும்பிய பால். அன்றிரவு அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். 19 நாளில் 12 நாள் பெருக்கல் குறி இருந்தது.

“இது என்னப்பா?”

“வண்டி நின்ன நாளு.”

இன்னொரு குறியும் இருந்தது. சின்னச் சின்னப் புள்ளிகள். “அது மழ பேஞ்ச நாளு. மழையில பால் எளசாயிடுச்சுன்னு ரெண்டு வூட்ல சண்டைக்கு வருவாங்க. அதான் குறிச்சு வெக்கிறது.” (தண்ணீர் கலந்துவிட்டதாகச் சந்தேகப்படுகிறார்களாம்.)

புள்ளி வைத்த தாள்கள் 5. அவற்றில் ஒன்றில்கூடப் பெருக்கல் குறி இல்லை.

மறுபடியும் எண்ணினேன். மழை பெய்த விடியலில் வண்டி நின்றதே இல்லை. மழைத் தண்ணீர் இறங்கிப் பொறியைக் கெடுப்பதாக இருந்தால் மழை நாளில் அல்லவா நிற்க வேண்டும்? அப்பாவிடம் கேட்டேன். “நானும் அந்தத் தம்பிகிட்டச் சொன்னேன். மழ பேஞ்சா ஓடுது, மழ இல்லன்னாத்தான் நிக்குதுன்னு. சிரிச்சிடுச்சு. நின்னாலும் ஒரு பீடி குடிக்கிற நேரம், ரெண்டு பீடி குடிக்கிற நேரம் வுட்டா எடுத்துக்கும். அதுவும் சொன்னேன்.”

இங்கேதான் பொறி தட்டியது. மெக்கானிக் அண்ணன் மாற்றிய பொருள்கள் வெவ்வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருந்தது ஒன்று உண்டு. அது காத்திருந்த நேரம். பிளக்கை மாற்றும் நேரத்தில் எஞ்சின் குளிர்ந்தது. எச்.டி. காயிலை வாங்கிவரும் நேரத்தில் குளிர்ந்தது. சி.டி.ஐ. மாற்றிய அன்று இரவு முழுவதும் குளிர்ந்தது. வண்டியைக் குணப்படுத்தியது பொருள் அன்று, ஆறியது. மழை நாளில் தண்ணீர் எஞ்சின்மேல் தெறித்து அதைச் சூடேற விடவில்லை. ஆக நோய் சூட்டில் இருக்கிறது, ஆறினால் மறைந்துவிடுகிறது. நோயாளி மருத்துவரிடம் போய்ச் சேரும்போது காய்ச்சல் இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் என்ன செய்வார்?

சூடாகும் இடத்தில் இருக்கும் மின்பொருள் எது? சி.டி.ஐ. பெட்டியும் எச்.டி. காயிலும் காற்றுப் படும் இடத்தில், சட்டத்தில் மாட்டியிருக்கின்றன. அவை புதியவை வேறு. எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, அதன் சூட்டை முழுவதும் வாங்குபவை காந்தச் சக்கரத்துக்குள் இருக்கும் சுருள்களே.

சென்ற பருவத்தில் கேரி ஃபாஸ்டர் பாலத்தைக் கொண்டு கம்பிச் சுருளின் மின்தடை வெப்பநிலைக் குணகம் காணும் சோதனை எங்களுக்கு இருந்தது. எண்ணெயில் சுருளை வைத்துச் சூடேற்றி, ஐந்தைந்து டிகிரிக்கு ஒருமுறை அளந்து வரைபடம் போட்டோம். உண்மையைச் சொன்னால், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு அதை நான் மறந்திருந்தேன். செம்புக்கு அந்தக் குணகம் டிகிரிக்கு ஏறக்குறைய 0.0039. 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏறினால் மின்தடை கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக உயரும். அது இயல்பு, அதனால் வண்டி நிற்காது. சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் மின்தடை குறையும். கம்பி எங்காவது அறுந்திருந்து, குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டும் சூட்டில் விரிந்து விலகியும் இருந்தால் மின்தடை முடிவிலியாகிவிடும். மூன்றில் எது என்று அறிய மீட்டர் வேண்டும். அதிலும், வண்டி நின்ற இடத்திலேயே, நின்ற உடனே அளக்க வேண்டும்.

மல்டிமீட்டரை அப்பா பால் ஊற்றும் வீட்டுப் பெரியவர் ஒருவர் கொடுத்தார். மின்பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். “எத அளக்கப் போற?” என்று கேட்டார். சொன்னேன். “சூட்டோட அள” என்றார். நான் சொல்லவேயில்லை, அவருக்கு அது முதலிலேயே தெரிந்திருந்தது. நாற்பது ஆண்டுகள் மோட்டாரோடு வாழ்ந்தவர் அல்லவா.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, வீட்டிலேயே முதலில் அளந்தேன். சக்கரத்தைக் கழற்ற வேண்டிய தேவையில்லை; சுருளின் ஒயர் வெளியே வந்து கனெக்டரில் சேரும் இடத்தில் பிரித்து, அதற்கும் சட்டத்துக்கும் இடையே பார்த்தால் போதும். 352 ஓம். சிறிய சுருளும் ஒழுங்காக இருந்தது. அப்போது வெப்பநிலை 24 டிகிரி என்று கைப்பேசி சொன்னது. மழை இல்லை. கேன்களுக்கு நடுவே எனக்கு இடமில்லை. அப்பா முன்னால் போக, நான் அடுத்த வீட்டு அண்ணனின் பைக்கில் பின்தொடர்ந்தேன். வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு பால்காரன் மகன் போனது அன்றுதான்.

ஏழாவது கிலோமீட்டரில் நின்றது. நான் இறங்கி ஓடினேன். முதலில் சாவியிலிருந்து வரும் ஒயரைப் பிரித்துவிட்டு அப்பாவை உதைக்கச் சொன்னேன். சாவியை அணைப்பது என்றால் அந்தச் சுருளைத் தரையோடு இணைத்துவிடுவதுதான். ஆகவே அந்த ஒயர் எங்காவது உரசித் தேய்ந்து சட்டத்தைத் தொட்டாலும் பொறி நின்றுபோகும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும், இதைச் சோதிக்காமல் மற்றதைத் தொடக்கூடாது. பிரித்தும் பொறி இல்லை. ஆனால் உதைக்கும்போது முன்விளக்கு மினுக்கென்றது. அப்படியென்றால் காந்தம் நலம், விளக்குக்கான சுருள் நலம். பிறகு கைப்பேசி விளக்கை அண்ணன் பிடிக்க, கனெக்டரில் மீட்டரை வைத்தேன். எண் வரவில்லை. இணைப்பே இல்லை என்பதற்கான குறி மட்டும் நின்றது. முடிவிலி.

“என்னடா சொல்லுது?” என்றார் அப்பா.

“இருங்கப்பா. ஒரு பீடி குடிங்க.”

என் வாழ்நாளில் அவரைப் பீடி குடிக்கச் சொன்னது அது ஒருமுறைதான். மீட்டரை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தேன். லாரிகள் போயின. கிழக்கே வெளுத்தது. இரண்டாவது பீடி பாதி ஆகையில், மீட்டரில் சட்டென்று எண் குதித்தது: 399. அப்பா அதைப் பார்த்தார். அவருக்கு எண்கள் தெரியும்.

“இப்ப ஒதைங்க.”

சாவி ஒயரையும் கனெக்டரையும் மாட்டிய பிறகு முதல் உதையில் எடுத்துக்கொண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பால் நேரமாகிவிட்டது, போய்விட்டார். நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். 24 டிகிரியில் 352 ஓம் என்றால் 399 ஓம் எந்த வெப்பநிலையில்? ஏறக்குறைய 59 டிகிரி. அதாவது சுருள் 59 டிகிரிக்கு ஆறும்போது அறுந்த முனைகள் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன. மின்தடையே வெப்பமானியாகவும் இருந்தது! வகுப்பில் பிளாட்டினம் வெப்பமானி என்று படிக்கிறோமே, அதன் ஏழைத் தம்பி.

அன்று கல்லூரிக்கு வரவில்லை. (வருகைப் பதிவேட்டைக் கவனிக்கும் பேராசிரியர் இந்த வரியைப் படிக்காமல் இருப்பாராக.) மெக்கானிக் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். மீட்டரைப் பற்றி அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பீடிக் கணக்கைச் சொன்னதும் வந்தது. புல்லரைப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, சுருளை எடுத்துக் கையில் கொடுத்தார். “புதுசு வாங்கிடலாமே, தம்பி” என்றார். கடையில் கேட்டபோது அந்தப் பழைய மாடலுக்குச் சுருள் தனியாக இல்லை, தட்டோடுதான் வாங்க வேண்டும், அதுவும் வரவழைக்க வேண்டும், திங்கள் ஆகும் என்றார்கள். தரகர் வருவது ஞாயிறு.

மந்தாரக்குப்பத்தில் மோட்டார் காயில் கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மின்விசிறி, தண்ணீர் மோட்டார், கிரைண்டர் எல்லாம் அவர் கடையில் குடலைத் திறந்துகொண்டு கிடக்கும். சுருளை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். “நல்லாத்தான இருக்கு?” என்றார். மீட்டரும் அதையே சொன்னது. வார்னிஷ் காய வைக்க அவர் வைத்திருந்த பெட்டிக்குள், பெரிய பல்புக்கு அடியில், சுருளை மீட்டரோடு வைத்தோம். 355, 370, 390 என்று எண் மெதுவாக ஏறியது. 400-ஐத் தாண்டிச் சிறிது நேரத்தில் சட்டென்று காணாமற்போனது. வெளியே எடுத்து ஊதினோம், வந்தது. உள்ளே வைத்தோம், போனது. பெரியவர் சிறுபிள்ளையைப் போல் அதை நான்கு முறை செய்து பார்த்தார். கடைப் பையனையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“முழுசும் பிரிச்சுக் கட்டணுமா, ஐயா?”

“அவசரப்படாத. மொதல்ல வெளி முனையப் பாப்போம்.”

மேலே சுற்றியிருந்த துணி நாடாவைப் பிளேடால் கீறினார். மயிரிழைக் கம்பி தடித்த ஒயரோடு சேரும் இடத்தில், பற்றுவைத்த ஈயத்துக்குச் சற்று முன்னால், அது அறுந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. முனை கறுத்துப்போய், வார்னிஷ்தான் அதை இடத்தில் பிடித்துவைத்திருந்தது. பதினைந்து ஆண்டுச் சூடும் அதிர்வும் செய்த வேலை. ஒரு சுற்றைப் பிரித்தார். உப்புத்தாளால் எனாமலைச் சுரண்டினார். அந்தக் கம்பியைச் சுரண்டுவது பேன் முட்டையை உரிப்பதைப் போன்றது. அறுபது வயதுக்கு மேற்பட்ட அந்த விரல்கள் நடுங்கவில்லை. ஈயம் வைத்து, சிறிது தளர்வு விட்டு வளைத்து, நாடா சுற்றி, வார்னிஷ் தடவினார். “தளர்வு விடணும். இழுத்துக் கட்டுனா சூட்டுல திரும்ப அறுந்துடும்” என்றார். எந்தப் பாடநூலிலும் அந்த வரி எனக்குக் கிடைத்ததில்லை.

பெட்டிக்குள் மறுபடி வைத்தோம். இம்முறை எண் 400-ஐத் தாண்டியது, 410, 425, 430. போகவில்லை. அரைமணி நேரம் மூவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். கூலி 60 ரூபாய். அவர் கேட்டது அவ்வளவுதான்; கொடுத்ததும் அவ்வளவுதான். வேறு கொடுக்க என்னிடம் இல்லை.

சனிக்கிழமை விடியலில் மழை இல்லை. நல்ல புழுக்கம். அப்பா போனார். நான் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஐந்து மணி, ஐந்தரை, ஆறு. அழைப்பு வரவில்லை. எட்டே காலுக்கு வந்தார். கேன்களை இறக்கினார், தாளைக் கிழித்தார், பின்புறம் கோடுகள் போட்டார். பெருக்கல் குறி போடவில்லை. “தெனம் நிக்கிற எடத்துல இன்னைக்கு ஒரு நாயி குறுக்க வந்துச்சு. அதுக்காக நிறுத்துனேன்” என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தரகர் சொன்னபடி வந்தார். அப்பா அவருக்குக் காப்பி கொடுத்து, மாட்டைப் பற்றி ஒன்றும் பேசாமல், மழை முந்திரிப் பூவைக் கெடுத்துவிடுமா என்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசி அனுப்பிவைத்தார். போன 7 வீடுகளில் 3 வீடுகள் திரும்ப வந்தன. மற்ற 4 வீடுகளுக்கு நான் இரண்டு மூன்று முறை போய்க் கேட்டுப் பார்த்தேன். பாக்கெட்டே வசதியாக இருக்கிறது என்றார்கள். மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த மின்பணிப் பெரியவர், “நீயே வெச்சுக்க, எனக்கு எதுக்கு” என்றார். அது இப்போது எங்கள் வீட்டில் நாட்காட்டி ஆணியிலேயே தொங்குகிறது. ஊரில் மூன்று பேருடைய வண்டியை அதன்பின் பார்த்திருக்கிறேன். இரண்டில் சாவி ஒயர் உரசியிருந்தது. மூன்றாவதில் டேங்க்கில் பெட்ரோலே இல்லை.

செவலை தை மாதம் ஈன்றது. காளைக்கன்று. கிடாரி பிறக்கவில்லையே என்று அப்பாவுக்குச் சற்று வருத்தம்தான்.